வருமான வரியை ஒரு சிறு நிரலால் கணக்கிடுவது எப்படி?

வருமான வரியைப் பற்றி நம்மிடையே உலவும் கருத்துகளில் இரண்டு மிகவும் பரவலானவை. சம்பள உயர்வு வந்து வருமானம் அடுத்த வரி அடுக்குக்குள் போய்விட்டால், மொத்த வருமானத்துக்கும் அந்த உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கப்படும், ஆகவே உயர்வே வேண்டாம் என்பது முதலாவது. 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்று அரசு அறிவித்துவிட்டதால், 13 லட்சம் வருமானம் உள்ளவர் மேலே இருக்கும் ஒரு லட்சத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்பது இரண்டாவது. படித்தவர்களும் நல்ல பதவிகளில் இருப்பவர்களும்கூட இவற்றை உறுதியாகச் சொல்வதைக் கேட்கலாம். இரண்டுமே தவறு, இரண்டும் எந்த இடத்தில் தவறுகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டும் வழி, வரிக் கணக்கை ஒரு சிறு கணினி நிரலாக எழுதிப் பார்ப்பதுதான். வாய்ப்பேச்சில் நாம் தாண்டிச் செல்லும் படிகளைக் கணினி தாண்டவிடாது. எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் அது கணக்கிடும்.

இக்கட்டுரையில் வரும் எண்கள் அனைத்தும் இந்தியாவில் 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையைச் சேர்ந்தவை. நிதியாண்டு என்பது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையிலான காலம். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

மின் கட்டண அட்டையிலிருந்து தொடங்குவோம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுக்குக் கணக்கு ஏற்கெனவே பழக்கமானது. 2025-26இல் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாட்டில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 150 யூனிட் ஓடியிருந்தால், 150 யூனிட்டுக்கும் கட்டணம் போடுவதில்லை. முதல் 100 யூனிட் இலவசமாகவே இருக்க, மேலே உள்ள 50 யூனிட்டுக்கு மட்டும் அடுத்த அடுக்கின் விலை கணக்கிடப்படுகிறது. வருமான வரியின் அடிப்படையும் இதுவே. ஒவ்வொரு அடுக்கின் விகிதமும் அந்த அடுக்குக்குள் விழும் தொகைக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் அதே மின் கட்டணத்தில், முதல் தவறான கருத்து எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடுகிறது. அவையும் 201 முதல் 400 வரையிலான யூனிட்டுகளின் விலைக்கே கணக்கிடப்படுகின்றன. அதாவது, 500-க்கு மேல் ஓடும் ஒரு யூனிட், கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையையும் உயர்த்திவிடுகிறது. ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கும்போது மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஏசியை நிறுத்தும் குடும்பங்களின் கவலையில் நியாயம் உண்டு. அந்தக் கவலையை அப்படியே வருமான வரிக்குக் கொண்டுவருவதுதான் பொருந்தாது, ஏனெனில் வருமான வரியின் அடுக்குகளில் மேலே சேரும் ரூபாய் கீழே உள்ள ரூபாயின் விகிதத்தை மாற்றுவதே இல்லை.

அடுக்குகள்

2025 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அடுக்குகள் இவை. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை உள்ள பகுதிக்கு 5 சதவீதம், 8 முதல் 12 லட்சம் வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் உள்ள அனைத்துக்கும் 30 சதவீதம். கடைசியைத் தவிர ஒவ்வொரு அடுக்கும் 4 லட்சம் அகலம் கொண்டது என்பதால் மனத்தில் வைத்துக்கொள்வது எளிது.

இந்த அடுக்குகள் நம் கைக்கு வரும் சம்பளத்தின் மீதோ, முழுச் சம்பளத்தின் மீதோ பொருந்துவதில்லை. சம்பளம் அல்லது ஓய்வூதியம் பெறுபவருக்குப் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. ரசீது எதுவும் காட்டாமலே மொத்தச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளக்கூடிய தொகை அது. அதைக் கழித்தபின் எஞ்சுவது வரிக்குரிய வருமானம். அடுக்குகள் பொருந்துவது இந்த வரிக்குரிய வருமானத்துக்குத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், மொத்தச் சம்பளத்திலிருந்து 75,000 கழித்தால் வரிக்குரிய வருமானம் கிடைக்கும். அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கான விகிதத்தைப் போட்டுக் கூட்ட வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது?

நிரல் என்பது கணினிக்குத் தரும் கட்டளைகளின் வரிசை. அதை எழுதப் பல கணினி மொழிகள் உள்ளன. இங்கே ‘எழில்’ மொழியைப் பயன்படுத்துகிறேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய இந்தத் திறமூல மொழி (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மொழி), பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. இதன் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே இருப்பதால், நிரலாக்கத்துக்குப் புதியவர் கணக்கின் போக்கை மட்டும் கவனித்தால் போதும். பைத்தான் அறிந்தவர்கள் இதே கட்டளைகளை அந்த மொழிக்குச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.

தேவையான சொற்கள் சிலவே. ‘பதிப்பி’ என்றால் திரையில் காட்டு. ‘@’ குறியை அடுத்து ஒரு நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் எழுதி ‘ஆனால்’ என்று முடித்தால், அந்த நிபந்தனை உண்மையாக இருக்கும்போது மட்டும் அதன் கீழுள்ள கட்டளைகள் நடக்கும். ‘இல்லை’ என்பதன் கீழுள்ளவை நிபந்தனை பொய்யானால் நடக்கும். ‘முடி’ அந்தப் பகுதியை மூடும். ‘*’ என்பது பெருக்கல் குறி; ‘>’ என்றால் பெரியது, ‘<=’ என்றால் சிறியது அல்லது சமம். ‘நிரல்பாகம்’ என்பது ஒரு பெயருக்குள் கட்டிவைத்த கணக்கு. அதனிடம் ஓர் எண்ணைக் கொடுத்தால், ‘பின்கொடு’ என்ற கட்டளை வழியே விடையைத் திருப்பித் தரும். வருமானம், வரி போன்று நாம் பெயரிட்டு வைக்கும் மதிப்புகளை மாறிகள் என்பர். நிரல் ஓடும்போது அவற்றின் மதிப்பு மாறலாம்.

முதலில் தவறான நிரல்

தொடக்கநிலையில் பலரும் எழுதுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

@( வருமானம் > 1200000 ) ஆனால்
    வரி = வருமானம் * 0.15
இல்லை
    வரி = வருமானம் * 0.10
முடி

வரிக்குரிய வருமானம் 12,00,000 என்று கொடுத்தால் இந்த நிரல் 1,20,000 என்று சொல்லும். 12,10,000 என்று கொடுத்தால் 1,81,500 என்று சொல்லும். வருமானம் 10,000 ரூபாய் கூடியதற்கு வரி 61,500 ரூபாய் கூடிவிட்டது. சம்பள உயர்வைக் கண்டு அஞ்சுபவரின் மனத்தில் ஓடுவது இந்த நிரல்தான். 15 சதவீதத்தை அவர் ஓர் ஆளுக்கு ஒட்டிய முத்திரையாக எடுத்துக்கொள்கிறார். சட்டம் அதை 12 லட்சத்துக்கும் 16 லட்சத்துக்கும் இடையில் விழும் ரூபாய்களுக்கு மட்டும் ஒட்டுகிறது. பெருக்க வேண்டியது முழு வருமானத்தை அன்று, எல்லைக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் என்ற ஒரே திருத்தம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.

சரியான நிரல்

எளிய வழி, மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வருவது. 24 லட்சத்துக்கு மேல் ஏதேனும் இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் 30 சதவீதம் போட்டுவிட்டு, மிச்சத்தை 24 லட்சம் என்று வைத்துக்கொள்கிறோம். பிறகு 20 லட்சத்துக்கு மேல் உள்ளதை வெட்டுகிறோம். இப்படியே 4 லட்சம் வரை இறங்குகிறோம்.

நிரல்பாகம் அடுக்கு_வரி( வருமானம் )
    மிச்சம் = வருமானம்
    வரி = 0
    @( மிச்சம் > 2400000 ) ஆனால்
        வரி = வரி + ( மிச்சம் - 2400000 ) * 0.30
        மிச்சம் = 2400000
    முடி
    @( மிச்சம் > 2000000 ) ஆனால்
        வரி = வரி + ( மிச்சம் - 2000000 ) * 0.25
        மிச்சம் = 2000000
    முடி
    @( மிச்சம் > 1600000 ) ஆனால்
        வரி = வரி + ( மிச்சம் - 1600000 ) * 0.20
        மிச்சம் = 1600000
    முடி
    @( மிச்சம் > 1200000 ) ஆனால்
        வரி = வரி + ( மிச்சம் - 1200000 ) * 0.15
        மிச்சம் = 1200000
    முடி
    @( மிச்சம் > 800000 ) ஆனால்
        வரி = வரி + ( மிச்சம் - 800000 ) * 0.10
        மிச்சம் = 800000
    முடி
    @( மிச்சம் > 400000 ) ஆனால்
        வரி = வரி + ( மிச்சம் - 400000 ) * 0.05
    முடி
    பின்கொடு வரி
முடி

எண்களுக்குள் காற்புள்ளி இடக்கூடாது. 12,00,000 என்று எழுதிப் பழகிய கைக்கு 1200000 என்பதில் ஒரு சுழி விடுபடுவது மிக எளிது; நிரல் அதைப் பிழையென்று சொல்லாமல், 1,20,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரும். ஆகவே சுழிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழ் என்பதை மாற்றி, 4 லட்சத்துக்கு மேல் உள்ளதை முதலில் வெட்டி, மிச்சத்தை 4 லட்சம் என்று வைத்தால், மேலே உள்ள அவ்வளவு தொகைக்கும் 5 சதவீதமே விழும். மிச்சம் அத்துடன் 4 லட்சமாகச் சுருங்கிவிடுவதால், மற்ற நிபந்தனைகளில் எதுவும் உண்மையாகாது. நிரலும் குறை சொல்லாது; தவறான விடையை அமைதியாகத் தரும்.

இந்த நிரலைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 15,50,000 ரூபாய் என்று கொள்வோம். நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 14,75,000. முதல் மூன்று நிபந்தனைகளும் பொய்; அவை ஒன்றும் செய்யாமல் கடக்கும். நான்காவதில், 12 லட்சத்துக்கு மேல் உள்ள 2,75,000 ரூபாய்க்கு 15 சதவீதம், அதாவது 41,250 சேர்கிறது. மிச்சம் 12,00,000 ஆகிறது. அடுத்து 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. கடைசியாக 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மொத்தம் 1,01,250 ரூபாய். இதே வருமானத்துக்குத் தவறான நிரல் சொல்லியிருக்கும் தொகை 2,21,250.

ஆக, 15 சதவீத அடுக்கில் இருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, அவருடைய வருமானத்தின் மேல் நுனி மட்டுமே அங்கே இருக்கிறது. பெரும்பகுதி அதற்குக் கீழுள்ள அடுக்குகளில்தான் இருக்கிறது.

12 லட்சம்: வரி விலக்கு அன்று, தள்ளுபடி

இப்போது இரண்டாவது தவறான கருத்துக்கு வருவோம். அடுக்குகளைப் பார்த்தால், வரியே இல்லாத பகுதி 4 லட்சம் வரைதான். 12 லட்சம் வரிக்குரிய வருமானத்துக்கு அடுக்குக் கணக்கின்படி 60,000 ரூபாய் வரி வருகிறது. பிறகு எப்படி 12 லட்சம் வரை வரி இல்லை? 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு அந்த 60,000 வரையிலான வரியைத் தள்ளுபடி செய்கிறது. கணக்கிட்டு முடித்த வரியிலிருந்து குறைக்கப்படும் தொகையே தள்ளுபடி. வருமானத்திலிருந்து கழிக்கப்படும் நிலையான கழிவும், வரியிலிருந்து குறைக்கப்படும் இந்தத் தள்ளுபடியும் வெவ்வேறு கட்டங்களில் நடப்பவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் இவ்வளவு குழப்பம்.

தள்ளுபடி முழுவதும் கிடைக்கும் அல்லது கிடைக்கவே கிடைக்காது என்பதால், இங்கே உண்மையிலேயே ஒரு பள்ளம் உருவாகிறது. வரிக்குரிய வருமானம் 12,10,000 ஆனால் தள்ளுபடி போய்விடும். அடுக்கு வரி 61,500. வெறும் 10,000 ரூபாய் கூடியதற்காக 61,500 ரூபாய் கட்டுவது அநியாயம் என்பதைச் சட்டமே உணர்ந்து ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. அதற்கு விளிம்பு நிவாரணம் என்று பெயர்: 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவரின் வரி, 12 லட்சத்துக்கு மேல் அவர் ஈட்டிய தொகையைவிட அதிகமாக இருக்கக்கூடாது. ஆகவே 12,10,000-க்கு வரி 10,000 மட்டுமே.

இந்த நிவாரணம் ஏறத்தாழ 12,70,588 ரூபாய் வரை வேலை செய்யும். அதற்கு மேல் போனால் சாதாரண அடுக்கு வரியே மிகைத் தொகையைவிடக் குறைவாகிவிடுவதால், நிவாரணத்துக்குத் தேவை இருக்காது. 13 லட்சம் வரிக்குரிய வருமானத்தை எடுத்துக்கொண்டால் அடுக்கு வரி 75,000 ரூபாய். மேலே உள்ள ஒரு லட்சத்துக்கு மட்டும் வரி என்று நினைத்தவர் 15,000 என்று எதிர்பார்த்திருப்பார். இவ்வளவு பெரிய இடைவெளியை ஆண்டுக் கடைசியில் பிடித்தத்தின்போது அறிந்துகொள்வது எந்தக் குடும்பத்துக்கும் சிரமமே.

கடைசிப் படியான செஸ்ஸையும் சேர்த்துவிடுவோம். சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்காக, வரித் தொகையின் மீது 4 சதவீதம் வசூலிக்கப்படும் கூடுதல் தொகை இது. வருமானத்தின் மீது 4 சதவீதம் அன்று. தள்ளுபடி போக எஞ்சிய வரியின் மீதுதான். முழு நிரலின் பிற்பகுதி இப்படி அமையும்.

சம்பளம் = 1550000
வரிக்குரியது = சம்பளம் - 75000
கணித்த_வரி = அடுக்கு_வரி( வரிக்குரியது )
@( வரிக்குரியது <= 1200000 ) ஆனால்
    கணித்த_வரி = 0
இல்லை
    மிகை = வரிக்குரியது - 1200000
    @( கணித்த_வரி > மிகை ) ஆனால்
        கணித்த_வரி = மிகை
    முடி
முடி
கட்ட_வேண்டியது = கணித்த_வரி + கணித்த_வரி * 0.04
பதிப்பி "கட்ட வேண்டிய வரி:", கட்ட_வேண்டியது

நம் எடுத்துக்காட்டில் 1,01,250 ரூபாயுடன் செஸ் 4,050 சேர்ந்து 1,05,300 வரும். மொத்தச் சம்பளமான 15,50,000-இல் இது 7 சதவீதத்துக்கும் குறைவு.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே உண்டு. விளிம்பு நிவாரணம் செஸ்ஸுக்கு முன்பே கணக்கிடப்படுவதால், 12,10,000 வரிக்குரிய வருமானம் உள்ளவர் கட்டுவது 10,400 ரூபாய். அவர் கையில் எஞ்சுவது 11,99,600. சரியாக 12,00,000 ஈட்டியவரைவிட 400 ரூபாய் குறைவு. சம்பளம் கூடியும் கையில் குறைவது என்பது இந்தக் குறுகிய இடைவெளியில் மட்டும் உண்மை. 12,70,588 வரை போகும்போது இழப்பு அதிகபட்சமாக ஏறக்குறைய 2,824 ரூபாய் ஆகிறது. ஏறத்தாழ 12,74,000-ஐத் தொட்டவுடன் அது முற்றிலும் ஈடாகிவிடுகிறது. மற்றபடி 8, 16, 20, 24 லட்சம் ஆகிய அடுக்கு எல்லைகள் எதிலும் இப்படி நடப்பதில்லை.

எல்லைகளில் சோதித்துப் பாருங்கள்

ஒரு நிரல் சரியாக இருக்கிறதா என்பதை நடுவில் உள்ள எண்களைக் கொண்டு அறிவது கடினம். பிழைகள் எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். சம்பளம் 12,75,000 என்றால் விடை 0 வர வேண்டும். 12,85,000 என்றால் 10,400. 24,75,000 என்றால் 3,12,000. 25,75,000 என்றால் 3,43,200. ‘சிறியது அல்லது சமம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சிறியது’ என்று மட்டும் எழுதியிருந்தால், முதல் சோதனையில் விளிம்பு நிவாரணம் காப்பாற்றி 0 என்றே காட்டிவிடும். அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாமலே போகும். ஆகவே விடையோடு நின்றுவிடாமல், எந்த நிபந்தனை வழியாக விடை வந்தது என்பதையும் ஒரு ‘பதிப்பி’ கட்டளையைச் சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ள கணிப்பானிலும் அதே எண்களைக் கொடுத்து ஒப்பிடலாம். துறை, வரிக்குரிய வருமானத்தையும் இறுதி வரியையும் அருகிலுள்ள பத்து ரூபாய்க்கு முழுமைப்படுத்துவதால், சில ரூபாய் வேறுபாடு வரக்கூடும்.

இந்த நிரலுக்குத் தெரியாதவை

பங்கு விற்பனை லாபம் போன்ற வருமானங்களுக்குச் சட்டம் தனி விகிதங்களை வைத்திருக்கிறது. அவற்றை இந்த அடுக்குகளுக்குள் போட்டுக் கணக்கிடக்கூடாது; அந்த வரிக்கு 87ஏ தள்ளுபடியும் பொருந்தாது. வட்டி வருமானம் அடுக்குகளுக்குள் வரும், ஆனால் அதற்கு 75,000 கழிவு இல்லை. கழிவு போன சம்பளத்தோடு அதைப் பிறகு கூட்ட வேண்டும். தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுபவருக்கு மட்டுமே உரியது. துபாயிலோ சிங்கப்பூரிலோ குடியிருந்துகொண்டு சென்னை வீட்டு வாடகை பெறும் ஒருவர் தள்ளுபடியையும் விளிம்பு நிவாரணத்தையும் கணக்கிடும் ‘ஆனால்’, ‘இல்லை’ பகுதிகள் முழுவதையும் நீக்கிவிட்டு, அடுக்கு வரியையும் செஸ்ஸையும் மட்டுமே கணக்கிட வேண்டும். வரிக்குரிய வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்னும் மேல்வரியும் சேரும்.

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அடுக்குகளும் வேறு, நிலையான கழிவும் 50,000 ரூபாய்தான். சேமிப்பு, வீட்டுக் கடன், வாடகை ஆகியவற்றுக்கான கழிவுகள் அங்கே முன்னதாகவே வந்துவிடும். நிரலின் வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்க, எண்களை மாற்றி, வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடும் கட்டளையில் அந்தக் கழிவுகளைச் சேர்த்து, பழைய முறையில் இல்லாத விளிம்பு நிவாரணத்தின் ‘இல்லை’ பகுதியை நீக்கினால் போதும். இரண்டு முறைகளுக்கும் தனித்தனி நிரல்பாகம் எழுதி, ஒரே சம்பளத்தை இரண்டிடமும் கொடுத்தால், எந்த முறையில் எவ்வளவு குறைகிறது என்பதை ஒரே திரையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அலுவலகத்தில் எந்த முறை வேண்டும் என்று ஏப்ரலில் கேட்கும்போது, பக்கத்து இருக்கைக்காரர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்க்காமல் தம் சொந்தக் கணக்கைக் கொண்டே பதில் சொல்ல அது உதவும்.